மூன்றாவது கட்டம்

அல்சூரிலிருந்து சாந்திநகர் வரை
எங்கெங்கே கழிப்பறை என்று
என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.
டிரினிட்டி பங்கில் உண்டு, சாவி முதலாளியிடம்.
ரிச்மண்ட் சர்க்கிள் தர்ஷினியில்
காபி வாங்கினால் விடுவார்கள்.
அதற்கு அடுத்ததில் தாழ்ப்பாள் கிடையாது,
காலால் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும்.
மூன்று வருடமாக
இந்த ஊர் எனக்கு இவ்வளவுதான்.

பெருங்குடலில் புண்.
ஆறிவிட்டது என்றது போன தையில் எடுத்த ஸ்கோப்.
குடல் கேட்டுக்கொண்டது.
நான் கேட்கவில்லை.

குடும்பநல கோர்ட்டில் டைப்பிஸ்ட்.
சாட்சி அழும்போது எழுந்து போக முடியாது.
அதனால் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.
டிபன் பாக்ஸ் போன கனத்திலேயே திரும்பி வரும்.
அருமைநாயகம் திறந்து பார்ப்பார்,
ஒன்றும் சொல்லாமல்
பால்கனியில் காக்கைக்கு வைப்பார்.

"எட்டு வாரம்தான்" என்றாள் ஷாம்பவி ஹெப்பார்.
செவ்வாய், நாலேகால்.
அவள் கன்னடம், நான் தமிழ்,
இடறும் இடத்தில் இங்கிலீஷ்.
அம்மாவைப் பற்றிக் கேட்பாள், அழ வேண்டியிருக்கும் என்று
இடுப்பில் கைக்குட்டை செருகிப் போயிருந்தேன்.
கேட்கவில்லை.
ஒரு தாளைத் தந்தாள். மூன்று கட்டம்.
எதற்குப் பயந்தீர்கள்.
நடக்கும் என்று எத்தனை சதவீதம் நம்பினீர்கள்.
என்ன நடந்தது.

முதல் வாரப் பாடம்:
தர்ஷினியைத் தாண்டி ஒரே ஒரு ஸ்டாப்.
இரண்டாவது வாரம்:
இரண்டு இட்லி, பிறகு பஸ்.
எழுதினேன்.
பயம்: பஸ்ஸிலேயே போய்விடும்.
தொண்ணூற்றைந்து.
நடந்தது: கண்டக்டர் ஆதார் கேட்டார்.

வயிற்றைக் கலக்குகிறது என்போம் நாம், பயத்துக்கு.
அதை அவளுக்கு எப்படிச் சொல்வது?
என் மொழியில் வியாதிக்கும் பயத்துக்கும்
ஒரே வயிறு, ஒரே வினைச்சொல்.
"கலக்கும்போது பத்து நிமிஷம் பொறுங்கள்,
எது என்று அதுவே சொல்லும்" என்றாள்.
பெரும்பாலும் ஏழாவது நிமிஷத்தில்
பயம் இறங்கிப் போய்விடும்,
டிக்கெட் வாங்காத ஆள் மாதிரி.

ஐந்தாவது வாரம்
ரெசிடென்சி ரோட்டில் மழை.
நாற்பது நிமிஷம் வண்டி நகரவில்லை.
பத்து பொறுத்தேன். பதினைந்து.
நடந்தே விட்டது.

ஸ்வெட்டரை இடுப்பில் கட்டி இறங்கினேன்.
ஆட்டோக்காரன் ஒன்றரை மடங்கு கேட்டான்,
மழைக்காகத்தான் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை தாளை நீட்டினேன்,
தோற்ற பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டுவதுபோல.
மூன்றாவது கட்டத்தில்:
நடந்தது. வீட்டுக்கு வந்தேன். துவைத்தேன்.
ரசம் வைத்தேன்.
சீரியலில் அந்த மாமியார் ஜெயிலுக்குப் போனாள்.

அவள் இரண்டு முறை படித்தாள்.
"நீங்கள் பயந்து பார்த்த காட்சியில்
பஸ்ஸுக்குப் பிறகு என்ன வரும்?"

யோசித்தேன்.
ஒன்றும் வராது.
மூன்று வருடமும் என் பயம்
அந்த சீட்டிலேயே நின்றுவிடும்.
துவைப்பது வந்ததே இல்லை.
ரசம் வந்ததே இல்லை.

எட்டாவது வாரம் முடிந்தது.
"ஒன்பதாவது?" என்றேன்.
"கிடையாது."
பத்து வெற்றுத் தாள் கொடுத்து
வாசல் வரை வந்தாள்.
கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம் என்று
லிப்ட்டில் நின்று திட்டினேன்.

போன வியாழன் மறுபடி ரத்தம் தெரிந்தது.
டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.
ஆற ஒரு மாதம் ஆகலாம்,
ஆகாமலும் போகலாம்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன்.
மடியில் தாள், பாக்ஸில் தயிர்சாதம்,
பையில் ஒரு மாற்றுப் புடவை.
இரண்டு கட்டம் எழுதியாயிற்று. அறுபது.
டிரினிட்டி போய்விட்டது.
தர்ஷினி வருகிறது,
பலகையில் யாரோ புது விலை எழுதுகிறார்கள்.
"முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்கிறார் கண்டக்டர்.
கூட்டம் நகர்கிறது.
பேனாவை மூடவில்லை.